மூன்றாவது கேள்விக்கு 'நோ'

அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான். பேனா என்னுடையது, எழுத்து என்னுடையது, 'நோ' என்ற பதிலும் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எழுதிக்கொண்டே போகும்போது பழியை யார் தலையிலாவது கட்டிவிட்டுக் கம்பி நீட்டிவிடுவேன். எனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில், அட்மிஷன் செக்‌ஷனில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். என் வேலையே படிவங்களைச் சரிபார்ப்பதுதான். ஒரு கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்புவேன். அப்பா பெயரின் இனிஷியல் ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் இருந்தால் அதையும் திருப்பி அனுப்புவேன். பெற்றோர்கள் வெளியே நின்று என்னைத் திட்டுவது காதில் விழும். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு.

வீட்டிலும் அதே கதைதான். ரேஷன் கார்டு முதல் பாஸ்போர்ட் வரை, கேஸ் இணைப்பு முதல் மகளின் முதல் வேலைக்கான காகிதங்கள் வரை எல்லாம் என் கையால்தான் நிரம்பும். கருப்பு மை, பெரிய எழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது. "உங்க அப்பா எழுதினா அச்சடிச்ச மாதிரி இருக்கும், ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது" என்று என் மனைவி மகளிடம் சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லி அதை வேதவாக்காகவே ஆக்கிவைத்திருந்தாள். நானும் மறுத்ததில்லை.

நாங்கள் இருப்பது தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். நெஞ்சு நோய்க்கான ஆஸ்பத்திரியால்தான் அந்த ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர். அதனாலோ என்னவோ, எங்கள் பக்கத்தில் நுரையீரல், மூச்சு என்று யாராவது பேச்செடுத்தால் குரல் தானாக இறங்கிவிடும். சர்க்கரை வியாதியைப் பற்றிக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து உரக்கப் பேசுவோம். மூச்சு வாங்குவதைப் பற்றி மட்டும் பேசமாட்டோம்.

மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு போகி. தெருவெல்லாம் பழைய பாயும் டயரும் எரிந்து, எதிர் வீடு தெரியாத அளவுக்குப் புகை. பிள்ளை மூச்சுவிடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டது. தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டு, "ஆஸ்துமாதான். பயப்பட ஒண்ணுமில்ல, கன்ட்ரோல்ல வெச்சுக்கலாம்" என்றார். அவர் நிதானமாகத்தான் சொன்னார். பயப்பட ஆரம்பித்தது நாங்கள்தான்.

கிளினிக்கின் மாடிப்படி இறங்கும்போதே மனைவி சொன்னாள். "அந்த வார்த்தைய நம்ம வீட்ல இனிமே யாரும் சொல்லக் கூடாதுங்க. பொண் கொழந்த."

நான் "சரி" என்றேன். ஆறு வயதுப் பெண்ணுக்கு இருபது வருஷம் கழித்து வரப்போகிற மாப்பிள்ளையை நினைத்து, அந்த மாடிப்படியிலேயே ஒரு தீர்மானம் நிறைவேறிவிட்டது. எதிர்த்து ஓட்டுப் போட ஆளில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் டஸ்ட் அலர்ஜி. மருந்தை ஆவியாக்கித் தரும் மெஷினுக்கு, மிக்ஸிக்குத் தைப்பது போலப் பூப்போட்ட துணியில் ஓர் உறை தைத்தாள் மனைவி. சொந்தக்காரர்கள் வந்தால் அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். நீல நிற இன்ஹேலர் கூலிங் கிளாஸ் பெட்டிக்குள் குடியேறியது. பள்ளிக்கூடம் ஒவ்வொரு வருஷமும் கேட்கும் ஹெல்த் கார்டில், 'வேறு நோய்கள்' என்ற இடத்தில் நான் அழகாக, ஒன்றுமில்லை என்பதற்கான ஆங்கில 'நில்' (Nil) என்று எழுதுவேன். முதல் வருஷம் கை கொஞ்சம் கூசியது. அப்புறம் கூசவில்லை.

அவள் வளர்ந்ததும் தொந்தரவு குறைந்தது. தினமும் இழுக்க வேண்டிய மருந்து ஒன்று இருந்தது. நன்றாகத்தானே இருக்கிறாள் என்று அதை நாங்களாகவே நிறுத்திவிட்டோம். மார்கழிக் குளிரில், ஆபீஸ் ஏசியில், வீடு ஒட்டடை அடிக்கும் நாளில் மட்டும் நீலப் பம்ப்பை எடுத்து இரண்டு முறை இழுத்துக்கொள்வாள். அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

இருபத்தாறு வயதில் நிச்சயதார்த்தம் ஆயிற்று. மாப்பிள்ளை மேடவாக்கத்துக்காரர். நல்ல பையன், மரியாதை தெரிந்தவர், கொஞ்சம் உற்சாகப் பேர்வழி. மலையேற்றம், சைக்கிள் என்று சனி ஞாயிறு வீட்டில் தங்காதவர். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து கடலுக்கடியில் போய் மீன் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. கோவளத்தைத் தாண்டி ஓர் இடத்தில் ஸ்கூபா டைவிங் சொல்லித்தருகிறார்களாம். என் மகளுக்கும் கண்ணெல்லாம் பளபளத்தது. அவளுக்கு நீச்சல் நன்றாக வரும்.

எனக்கு ஸ்கூபா என்றால் என்னவென்று தெரியாது. முகமூடி போட்டுக்கொண்டு குளிப்பது என்று நினைத்தேன். முதுகிலேயே சிலிண்டர் கட்டிக் காற்று கொடுக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னதும், "அப்ப மூச்சுக்குப் பஞ்சமே இல்ல, இன்னும் நல்லது" என்று நான்தான் சொன்னேன்.

ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை இரண்டு படிவங்களோடு வந்தார். மனைவி வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். படிவம் என்று கேட்டதும் நான் கண்ணாடியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சோபாவில் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டில் கூப்பிட வேண்டியதும் இல்லை.

"அங்கிள், ஒவ்வொரு கேள்விக்கும் எஸ் இல்லன்னா நோ எழுதணும். நான் படிக்கிறேன், நீங்க எழுதுங்க" என்றார் மாப்பிள்ளை.

அவருடைய படிவம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. எல்லாம் நோ. அடுத்தது மகளுடையது. முதல் கேள்வி இதயம், இரண்டாவது காது. மூன்றாவதை அவர் படித்தார்: ஆஸ்துமா, வீசிங், மூச்சிரைப்பு எப்போதாவது இருந்ததுண்டா?

மகள் என்னைப் பார்த்தாள். சமையலறை வாசலில் கரண்டியோடு மனைவி நின்றுவிட்டாள். மாப்பிள்ளை அடுத்த கேள்வியில் விரலை வைத்தபடி காத்திருந்தார்.

என் பேனா நிற்கவேயில்லை. நான் தயங்கினேன், மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. முழு நோ, அச்சடித்த மாதிரி, கட்டத்தின் நட்டநடுவில். நான்காவது கேள்வி என்னவென்று கேட்டேன். கடைசியில் மகள் கையெழுத்துப் போட்டாள். பஜ்ஜி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீச்சல் குளத்தில் பயிற்சி. வீட்டுக்கு வந்து மாலை வரை இருமினாள். குளோரின் தண்ணீர் என்றாள். நாங்களும் குளோரின் என்றோம். நோய்க்கு வேறு பெயர் வைப்பதில் எங்கள் குடும்பம் கைதேர்ந்தது.

கடலுக்குப் போன அன்று கார் ஓட்டியது நான். வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய்க் கடற்கரையை அடைந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. அலை குறைவாக இருந்தது. அவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகிறவர் பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். சின்ன வயசிலிருந்து கடலில் மூழ்கிப் பழகி, பிறகு முறையாகப் படித்து இதைச் சொல்லித்தருகிறவர். படகில் ஏறும் முன் எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டார்.

"மூச்சுத் தொந்தரவு, வீசிங், நெஞ்சு வலி யாருக்குனா கீதா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. கடலு எங்கியும் போவாது. டாக்டராண்ட காட்டிட்டு இன்னொரு நாளு வரலாம்."

மகள் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டேன். "எல்லாம் ஃபார்ம்ல தெளிவா எழுதியிருக்கு தம்பி."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஃபார்ம் கீது சார். ஆனாலும் வாயால ஒருவாட்டி கேட்டுக்கினாதான் எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டு அவளைத் தனியாக இன்னொரு முறை கேட்டார். அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். பிறகு என்னிடம் வந்து கூலிங் கிளாஸ் பெட்டியைக் கொடுத்தாள். "பத்திரமா வெச்சுக்கோப்பா." படகில் அதை எடுத்துப் போனால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார். கரையில் நான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பெட்டிக்குள் இருப்பது தண்ணீருக்கடியில் உதவாது என்பதோ, படகிலாவது இருந்திருக்க வேண்டும் என்பதோ என் மண்டையில் ஏறவில்லை.

படகு திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். நான் டீ வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் படகு வந்துகொண்டிருந்தது. வேறு படகாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு மாப்பிள்ளை எழுந்து நின்று கையை வீசுவது தெரிந்தது. அது சந்தோஷத்தில் வீசுகிற கை இல்லை.

என் மகள் படகில் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பிளாஸ்டிக் மாஸ்க், பக்கத்தில் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர். உதடு சாம்பல் நிறமாக இருந்தது. கழுத்து வீங்கியிருந்தது. "அப்பா" என்றாள். அந்தக் குரல் அவளுடையது இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு யாரோ பேசுவது போல இருந்தது. நான் பெற்ற பெண்ணின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை என்ற அதிர்ச்சியிலிருந்து இன்றுவரை நான் முழுசாக வெளியே வரவில்லை.

"கீழ நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா" என்றார் கூட்டிப்போனவர். "இருபது அடிதான் சார். திடீர்னு நெஞ்சைத் தொட்டுக் காட்டிச்சு. புடிச்சிக்கினு மெதுவாத்தான் மேல கொண்டாந்தேன். மெதுவாத்தான் சார். மேல வந்தும் மூச்சு வரல."

நான் சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்தேன். நீலப் பம்ப் எல்லார் கண்ணிலும் பட்டது. மகள் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மாப்பிள்ளை பம்ப்பைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

கூட்டிப்போனவர்தான் பேசினார். "எத்தினி வாட்டி கேட்டேன் சார்" என்றார். அவர் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொல்லிவிட்டு, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எங்களோடு காரில் ஏறினார். ஆஸ்பத்திரி வரும்வரை பின்சீட்டில் அவள் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் உடம்பிலிருந்து கடல் தண்ணீர் சீட்டெல்லாம் சொட்டியது.

அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர். மகளின் கழுத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கீழே, காறை எலும்புக்கு மேலே அழுத்தினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் தொட்டுப் பாருங்க" என்றார். தோலுக்கு அடியில் என் விரலில் ஏதோ நறநறவென்று நொறுங்கியது, பொரியை அழுத்தினது போல. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"அது காத்து. நுரையீரல்லேருந்து கசிஞ்சு வந்து தோலுக்கடியில நிக்குது" என்றார் டாக்டர். "இவங்களுக்கு ஆஸ்துமா உண்டா?"

எனக்குப் பின்னால் மாப்பிள்ளை நின்றிருந்தார். மகள் கட்டிலில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் நான் தொட்ட காற்று இன்னும் என் விரலில் இருந்தது. நான் சொன்னேன்:

"இல்ல டாக்டர். சும்மா டஸ்ட் அலர்ஜிதான்."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். யோசித்துச் சொன்ன பொய் என்றால்கூட மன்னிப்புக்கு வழி இருக்கும். அது தானாக வந்தது. இருபது வருஷமாக எண்ணெய் போட்டு ஓட்டிய மெஷின், ஸ்விட்சைத் தொட்டதும் ஓடிவிட்டது.

மகள் மாஸ்க்கைக் கழற்றினாள். நர்ஸ் தடுக்கப் போனாள், அவள் கையை விலக்கினாள். அந்த மூக்கடைத்த குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிச் சொன்னாள். "ஆஸ்துமா. ஆறு வயசுலேர்ந்து."

எங்கள் வீட்டு ஆள் ஒருவர் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்த பிறகு டாக்டர் என்னை உட்காரவைத்து விளக்கினார். கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போகும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே என்றார். கடலுக்கடியிலிருந்து மேலே வரும்போது நெஞ்சுக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான் விரியுமாம். சாதாரண ஆள் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே வந்தால் போதும். ஆஸ்துமாவில் குழாய்கள் சுருங்கிச் சளி அடைத்திருந்தால் உள்ளே மாட்டிய காற்றுக்கு வெளியேற வழியில்லை, அது நுரையீரலைக் கிழித்துக்கொண்டு போகும். சிலிண்டர் காற்று ஈரமே இல்லாமல் வறண்டு குளிர்ந்து இருப்பதால், அதை இழுத்தாலே சிலருக்குக் குழாய்கள் இறுகிவிடும் என்றார். "மூச்சுக்குப் பஞ்சமே இல்ல" என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

"கொஞ்சம் அதிகமாயிருந்தா காத்து ரத்தத்துல கலந்து மூளைக்குப் போயிருக்கும்" என்றார். "உங்க பொண்ணு கெட்டிக்காரி, கூட வந்தவரும் நிதானமா கொண்டுவந்திருக்கார். அதனாலதான் இதோட போச்சு."

கடைசியில், ஆஸ்துமா இருந்தால் கடலில் இறங்கவே கூடாதா என்று கேட்டேன். எதையாவது கேட்டாக வேண்டும் என்று கேட்டேன்.

"அப்படி இல்லங்க. நல்லா கன்ட்ரோல்ல இருக்கிற சில பேரை, ஊதவெச்சு டெஸ்ட் பண்ணி, டைவிங் தெரிஞ்ச டாக்டர் பாத்து அனுப்பறது உண்டு. தினமும் எடுக்கற மருந்தை நிறுத்திட்டு, பம்ப்பை நம்பி இருக்கறவங்களை யாரும் அனுப்பமாட்டாங்க. அதுக்குத்தான் அந்த ஃபார்ம்ல மூணாவதா கேக்கறாங்க. இனிமே இவங்களுக்கு டைவிங் வேண்டாம்."

வராந்தாவில் மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மனைவிக்கு போன் செய்தாகிவிட்டது, ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள். அவர் கேட்டார்.

"அன்னிக்கு நான் பக்கத்துல உக்காந்திருந்ததாலதான் நோன்னு எழுதினீங்களா அங்கிள்?"

ஆமாம் என்பது முழு உண்மை இல்லை. அவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் நான் நோ என்றுதான் எழுதியிருப்பேன். "என்கிட்ட சொல்லியிருந்தா நாங்க மகாபலிபுரம் போய்ச் சுண்டல் சாப்பிட்டுட்டு வந்திருப்போம்" என்றார் அவர். அவர் கண் கலங்கியிருந்தது.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கழுத்து வீக்கம் வடிந்தது, குரல் திரும்பியது. கல்யாணம் நிற்கவில்லை. எது நின்றுவிடும் என்று பயந்து இருபது வருஷம் ஊமையாக இருந்தோமோ, அது நிற்கவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா வந்து பார்த்துவிட்டு, சாம்பிராணிப் புகை ஒத்துக்குமா ஒத்துக்காதா, மண்டபத்தில் சொல்லி வைக்கட்டுமா என்று மட்டும்தான் கேட்டார். என் மனைவி கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பூப்போட்ட உறையைக் கத்தரியால் வெட்டிப் போட்டாள். மெஷின் இப்போது ஹாலில் டிவி பக்கத்தில் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு மகளைக் கூட்டிப்போனேன். நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள். என் கை தன்னால் நீண்டு அதை வாங்கிக்கொண்டது. பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன். பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

"அன்னிக்குத் தண்ணிக்குள்ள நெஞ்சு இறுக ஆரம்பிச்சுதுல்லப்பா" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் யாராவது இருந்தால் கேட்டுவிடாத அளவுக்கு மெதுவாகச் சொன்னாள். "உடனே நான் கை காட்டல. இது அதுவா இருக்காதுன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் சமாளிச்சுப் பாத்தேன்."

"ஏம்மா?"

"நீதான் நோன்னு எழுதியிருந்தியே. நீ எழுதினது எதுவும் தப்பா இருந்ததே இல்லையேப்பா."

அவள் என் கையிலிருந்து படிவத்தையும் பேனாவையும் வாங்கிக்கொண்டாள். மடியில் வைத்து எழுத ஆரம்பித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். பெரிய எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை, ஒவ்வொரு பதிலும் கட்டத்தின் நட்டநடுவில். அப்படியே என் கையெழுத்து.